சருகு குப்பையன்று

தூய்மையை ஈமானின் பாதியெனப் போற்றும் சமுதாயம் நம்முடையது. அத்தூய்மையின் பெயரால் நம் இல்லங்களில் அன்றாடம் நடைபெறும் ஒரு செயலைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

பொழுது புலர்ந்ததும் கொல்லைப்புறம் கூட்டப்படுகிறது. மாவும் வேம்பும் கொய்யாவும் உதிர்த்த சருகுகள், மண் தெரியுமளவு வாரிக் குவிக்கப்பட்டுத் தீயிடப்படுகின்றன. பின்னர் வெறுமையாய்க் கிடக்கும் அம்மண்ணுக்கு மாலையில் குடங்குடமாய் நீர் வார்க்கின்றோம். மறுநாள் நண்பகலுக்குள் மேல்மண் உலர்ந்து போகிறது.

முற்றத்தைக் கூட்டுவது முறையே. மரத்தடியையும் கூட்டுவதுதான் நமக்கு உடன்பாடன்று. அங்கே கிடக்கும் சருகை உழவர் மூடாக்கு என்பர். அது வெயில் நேரே மண்ணில் படாது தடுத்து ஈரம் காக்கும், களையை அடக்கும், நாளடைவில் மட்கி உரமாகும். ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவின் நீரை விரயம் செய்யலாகாதெனக் கற்றவர் நாம். கோடைதோறும் கிணறு வற்றும் ஊர்களில் அவ்வறிவுரை தோட்டத்துக்கு மட்டும் பொருந்தாதோ?

சருகு கிடந்தால் பூரானும் பாம்பும் வந்தடையுமென்று பெரியோர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆதலின் சுவரையும் வாயிற்படியையும் ஒட்டி மூடாக்கு வேண்டா. பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வேண்டா. மரத்தின் பாத்திக்குள் மட்டும் இருக்கட்டும்.

அதற்கும் முறையுண்டு. களை நீக்கி, மண்ணை நன்கு நனைத்த பின்னரே பரப்புதல் வேண்டும். உலர்ந்த மண்மீது பரப்பினால், பிறகு பெய்யும் சிறுதூறல் சருகோடு நின்றுவிடும். 3 அங்குலக் கனம் போதுமானது. அடிமரத்தை அணைத்துச் சருகைக் குவிப்போர் பலர். ஓயாத ஈரத்தால் பட்டை அழுகவும் கறையான் ஏறவும் அதுவே வழியாகும். ஒரு சாண் இடைவெளி விடுதல் நலம். விதை முற்றிய களைச்செடிகளை இடுவதோ, களையை நாமே விதைப்பதற்கு ஒப்பாகும்.

தென்னைக்குச் சருகினும் உரிமட்டை சிறந்தது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில், குவிந்த புறம் மேலிருக்க 100 மட்டைகளை அடுக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அம்மட்டையையும் நம்மவர் பலர் தீக்கே இரையாக்குகின்றனர்.

திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. எனினும் இல்லங்களில் மட்டுமன்றிக் கல்வி நிலையங்களின் வளாகங்களிலும் புகை எழக் காண்கின்றோம். மூச்சிரைப்பால் அல்லலுறும் முதியோர் வாழும் தெருக்கள் அவை. கூட்டுவோரைக் குறை கூறிப் பயனில்லை. நாம் ஏவியபடியே அவர்கள் எரிக்கின்றனர். மரத்தடியை விட்டுவிடுமாறு நாளைக் காலையே அவர்களிடம் சொல்ல வேண்டியவரும் நாமே.