நெய்யாத விரிப்பு

சென்ற மார்கழியில் நம் இல்லத்தில் ஒரு சிறு துக்கம் நிகழ்ந்தது. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் பின்னல் கற்று, நம் இல்லாள் இரண்டு மாதம் உழைத்து மகளுக்கென்று முடித்த முதல் ஸ்வெட்டர் அது. உதவி செய்வதாக எண்ணி, ஊரில் வேட்டியை அவிப்பதுபோல் நாமே அதைக் கொதிநீரில் ஊறவைத்து, சோப்பிட்டுக் கசக்கிப் பிழிந்தோம். உலர்ந்தபின் பார்த்தால், பொம்மைக்கும் போதாத அளவில் தடித்துக் கிடந்தது. இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. ஏதேனும் சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

குளிர்காலந்தோறும் சரோஜினி நகர்த் தெருக்களில் மூட்டை சுமந்து வரும் காஷ்மீர வியாபாரி ஒருவர் மறுவாரம் வந்தார். வாசலில் கிடந்த அப்பொருளை எடுத்து விரலால் நீவிப் பார்த்தார். “பஹன்ஜி, இது கெட்டுப்போகவில்லை. நம்தா ஆகிவிட்டது” என்று சிரித்து, தம் மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து விரித்துக் காட்டினார். வெண்ணிறக் கம்பளத்தில் வண்ணப் பூக்கள். ஆனால் ஊடும் பாவும் எங்கே? தேடினோம், இல்லை. நம்தா என்பது தறி காணாத விரிப்பு.

இதன் மர்மம் உரோமத்தில் உள்ளது. ஆட்டுரோமத்தின் ஒவ்வோர் இழைமீதும் நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிச் சாய்ந்து அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. வெந்நீரும் சோப்பும் பட்டால் இழைகள் நெகிழும். அழுத்தித் தேய்க்கும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்புறமாகவே நகரும். செதில்கள் தடுப்பதால் திரும்பி வர இயலாது. இப்படி ஒன்றையொன்று பற்றி இறுகியதைப் பின்னர்ப் பிரிக்க முடியாது. பருத்திக்குச் செதில் கிடையாது. ஆதலால்தான் நம் வேட்டி கொதிநீருக்கு அஞ்சுவதில்லை, ஸ்வெட்டர் அஞ்சுகிறது.

ஸ்ரீநகரில் நம்தா செய்யும் முறையை அவரே விளக்கினார். கத்தரித்த உரோமத்தைக் கழுவி உலர்த்திப் பஞ்சாக அடித்து, பாயின்மேல் சமமாகப் பரப்புவர். ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அமையும். சோப்பு கலந்த வெந்நீரைத் தெளித்து அழுத்திய பின், பாயோடு சேர்த்துச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, காலால் மிதித்து நெடுநேரம் உருட்டுவர். பிரித்து அலசி வெயிலில் உலர்த்தி, ஆரி என்னும் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் இட்டுப் பூ வரைவர். ராஜஸ்தானத்து டோங்கிலும் குஜராத்தின் கச்சிலும் இத்தொழில் உண்டு.

இக்கலையின் தொன்மை நம்மை வியக்க வைக்கிறது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பாஜிரிக் என்னும் இடத்தில் உறைபனி மூடிய சமாதியொன்றை ருடென்கோ என்னும் ரஷிய ஆய்வாளர் 1949ஆம் ஆண்டு அகழ்ந்தார். அங்கே இவ்வாறு இறுக்கிய கம்பளியாலான பெரிய சுவர்த்திரை ஒன்று கிடைத்தது. ஆசனத்தில் அமர்ந்த தேவியும், எதிரே குதிரைவீரனும் அதில் விளங்குகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்த அத்திரை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அத்தகைய தொழில் காஷ்மீரத்தில் நலிந்துவிட்டது. மலிவு வேண்டி உரோமத்துடன் பருத்தியை மிகுதியாகக் கலந்தனர். பருத்தி பிணையாது, விரிப்பு விரைவில் உதிரும், வாங்கியவர் மீண்டும் வாரார். ஏமாந்தவர் வாங்கியவர் மட்டுமல்லர், ஒழுங்காக மிதித்து உருட்டியவரும்தான். அரசின் திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் இளைஞர்க்கு இக்கலை கற்பிக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு அவர்தம் நம்தாக்கள் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டன என்பது நற்செய்தி. எனினும், “என் மகன் கடையில் வேலைக்குப் போகிறான், பாய் சாப்” என்று நம் வியாபாரி சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது.

ஆகவே, அருகிலுள்ள டில்லி ஹாட்டிலோ வாசலிலோ நம்தா வாங்கும் அன்பர்கள், ஓரத்தில் ஓர் இழை கேட்டுப் பெற்று எரித்துப் பாருங்கள். மயிர் கருகும் வாசனை வந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. நல்லதாயின் விலையில் அதிகம் பிடிவாதம் செய்யாதீர்கள். வீட்டுக் கம்பளித் துணிகளையோ, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பிட்டு, தேய்க்காமலும் முறுக்காமலும் அலசி, தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

நாம் ஒரு நம்தா வாங்கினோம். குட்டி ஸ்வெட்டரை இல்லாள் வட்டமாகக் கத்தரித்தாள். வெட்டிய விளிம்பில் ஓரிழையும் பிரியவில்லை. இன்று அதன்மேல்தான் சாம்பார்ப் பாத்திரம் இறக்கப்படுகிறது. இரண்டாவது ஸ்வெட்டர் பாதி வளர்ந்துவிட்டது. அதைத் துவைக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை என்று தீர்ப்பாகியிருக்கிறது.