பக்தி முற்றினால் வகுப்புவாதமா?

வகுப்புவாதம் மதப்பற்று முற்றிப்போன நிலை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிக்கிடக்கிறது. கோயிலுக்கும் மசூதிக்கும் போகிறவர்கள் குறைந்தால் கலவரமும் குறையும் என்பது அதன் கிளைநம்பிக்கை. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. வகுப்புவாதத்தின் மையக் கூற்று கடவுளைப் பற்றியதே அல்ல. ஒரே மதத்தில் பிறந்துவிட்டால் ஜமீன்தாருக்கும் அவர் நிலத்தில் வாரத்துக்கு உழுபவருக்கும் உலக நலன் ஒன்றாகிவிடும், பக்கத்து மதத்தாரின் நலன் அதற்குப் பகையாகிவிடும் என்பதே அந்தக் கூற்று.

ஆட்களைப் பார்த்தாலே இது விளங்கும். பாகிஸ்தானைக் கேட்டு வாங்கிய ஜின்னாவுக்குச் சமயச் சடங்குகளில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. 1923இல் ‘இந்துத்துவ’த்தை நூலாக்கிய சாவர்க்கர் பசு வழிபாட்டைக் கேலி செய்தவர். குர்ஆனுக்கு உருதுவில் உரை எழுதிய அபுல் கலாம் ஆசாதும், தேவ்பந்த் மதரஸாவின் தலைமை ஆசிரியர் ஹுசைன் அகமது மதனியுமோ பிரிவினையை எதிர்த்தவர்கள். வகுப்புவாதத்தை எதிர்த்த பக்தரான காந்தி 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டது பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்துபோகும் வழியில்.

‘காலங்காலமான பகை’ என்ற விளக்கமும் நிற்காது. பழைய காலத்திலும் சண்டைகள் இருந்தன. ஆனால் நாடு தழுவிய ‘இந்து வாக்கு’, ‘முஸ்லிம் வாக்கு’ என்ற கணக்கு அப்போது ஏது? 1871–72 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மதவாரியாகத் தலைகளை எண்ணியது. 1909 சட்டம் முஸ்லிம்களுக்கு, அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி தந்தது. 1919இல் பஞ்சாப் சீக்கியருக்கும் அது வந்தது. தனித்தொகுதி வேட்பாளர் பிற மதத்தார் ஒருவரிடம்கூட வாக்குக் கேட்க வேண்டியதில்லை. அவர்களைத் திட்டினாலும் அவருக்கு நஷ்டமில்லை. பெரும்பாலும் சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டியவர்களுக்குமே வாக்கு என்பதால், சட்டசபை இடமும் அரசு வேலையும் தேடிய ஒரு சிறு வட்டத்தின் போட்டி ‘சமுதாயத்தின் குறை’ என்ற பெயரில் தெருவுக்கு வந்தது.

தமிழில் ‘வகுப்பு’ என்ற சொல்லும் ஒரு குழப்பத்தைச் சேர்க்கிறது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புவாரி ஆணையையும் ‘வகுப்புவாதம்’ என்றே ஏசுவோர் உண்டு. ஒரு சிலரிடம் குவிந்திருந்த அரசு வேலையைப் பிறருக்கும் பங்கிடச் சொன்ன ஏற்பாடு அது. மதங்களை ஒன்றுக்கொன்று பகையாக்கவில்லை.

மதம் ஒன்றானால் நலனும் ஒன்றாகும் என்பதற்குப் பாகிஸ்தானே சோதனைக்களம் ஆனது. 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்களைச் சுட்டது அதே மதத்தாரின் அரசு. கிழக்கு வங்கத்துச் சணல் ஈட்டிய அந்நியச் செலாவணி மேற்கே போகிறது என்ற புகார் அதன்பின் வளர்ந்தது. 1971இல் வங்கதேசம் பிரிந்தது.