துறையில் இறங்கும் குதிரைகள்

இலக்கியம் பேசும் இடத்தில் கார் எங்கே வந்தது என்று நண்பர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பட்டினப்பாலையை ஊன்றிப் படித்தவர்கள் உயர்த்த மாட்டார்கள். கடல் கடந்து வந்த குதிரைகளையும், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கத்தார் பொதிகளின்மேல் புலி முத்திரை பொறிப்பதையும் உருத்திரங்கண்ணனார் விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். இறக்குமதி நம் கவிதைக்கு அந்நியமான பொருள் அன்று.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியை இலங்கை அரசு 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டது. அதுமுதல் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளர் ஓய்வறை தொடக்கம் கோயில் வீதி வரை ஒரே விவாதம்: யப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் வண்டியா, முகவர் விற்கும் இந்திய வண்டியா? தடை நிலவிய ஆண்டுகளில் ஓடித் தேய்ந்த கார்களையும் வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இது வெறும் ஆசைப் பேச்சு அன்று. ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பு இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். ‘வாகன் ஆர்’ என்பது ஒரு கார் அன்று, சிலேடை. 1993இல் யப்பானில் வந்த வாகன் ஆர், அந்நாட்டுக் ‘கெய்’ வகுப்பின் வரையறைக்குள் அடங்கியது. இன்றைய வரையறைப்படி எஞ்சின் 660 சிசியைத் தாண்டக்கூடாது, நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர். 1999இல் இந்தியாவில் அறிமுகமான வாகன் ஆர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று. எஞ்சின் பெரியது, பிற்காலத்தில் உடலும் அகன்றது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ‘ஆல்ற்றோ’வின் கதையும் இதுவே. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி விதிக்கும் நாட்டில் 660 சிசி என்பது தனிச் சலுகை. நம் தெருக்களில் யப்பானிய வாகன் ஆர் பெருகியதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

“முகவர் விற்பதுதான் முறையானது, மற்றதெல்லாம் பின்கதவு” என்று சிலர் அறம் பேசுகிறார்கள். இதை நாம் ஏற்கவில்லை. சுங்கத்தில் வரி கட்டி, பதிவு எண் பெற்று ஓடும் வண்டிக்குப் பின்கதவு ஏது? மேலும், உற்பத்தியாளரே ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வேறு தரத்தில் பொருள் செய்கிறார். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சந்தையின் சிறு கார்களை மோதிப் பார்த்தபோது காற்றுப்பை இல்லாத ஆல்ற்றோ 800 பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2023இல் இந்திய வாகன் ஆருக்கு ஒன்றே கிடைத்தது. முகவரின் முத்திரை தரத்துக்கான முத்திரை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வேறு வழியில் வண்டி வர வாய்ப்பு இல்லாத ஊரில், முகவர் எதைக் கொடுத்தாலும் வாங்க வேண்டியதுதான்.

ஆயினும் மறுபக்கத்தாரின் பக்தியும் நமக்கு உடன்பாடில்லை. “யப்பான்காரன் ஓடினது” என்ற ஒரு சொல்லில் எல்லாக் கேள்விகளும் அடங்கிவிடுகின்றன. அங்கே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு, செலவும் மிகுதி. அதனால் நல்ல நிலையில் உள்ள வண்டிகளும் ஏலத்துக்கு வருகின்றன என்பது உண்மை. ஏலத் தாளில் நான்கு, நாலரை என்று புள்ளி இருக்கும். விபத்தில் அடிபட்டுத் திருத்தியதற்கு ‘ஆர்’ என்று குறி இருக்கும். ஆனால் அந்தத் தாளை மாற்றலாம். ஓடிய கிலோமீற்றரையும் குறைக்கலாம். குதிரை இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பாண்டியன் பரிகளை ஏற்றுக்கொண்டான் என்கிறது திருவிளையாடல். இரவில் அவை நரிகளாயின. அது இறைவனின் ஆடல். இங்கே ஆடுபவர்கள் வேறு.

நம்மை உண்மையில் அச்சுறுத்துவது இன்னொன்று. தமிழகக் கரையில் இறங்கிய குதிரைகளைப் பற்றி மார்க்கோ போலோ எழுதுகிறார்: ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்தன, பராமரிப்பின்றி மாண்டன, குதிரை மருத்துவர்கள் இங்கே வருவதை வணிகர்களே தடுத்தார்கள், மாண்டால்தானே மறுபடி விற்கலாம். பயணியின் மிகை இதில் கலந்திருக்கலாம். ஆனால் விற்றவனின் பொறுப்பு துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது என்பதில் மிகை இல்லை.

தக்காத்தா காற்றுப்பைகளை எண்ணிப் பாருங்கள். உள்ளேயிருந்த அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டு, காக்க வேண்டிய பையே உலோகத் துண்டுகளை ஓட்டுநர் முகத்தில் எறிந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்நிறுவனம் திவாலானது. அழைப்புக் கடிதம் யாருக்குப் போகும்? பதிவில் உள்ள யப்பானிய உரிமையாளருக்கு. அவர் விற்ற கார் சுன்னாகத்தில் ஓடுவதை அந்தக் கடிதம் அறியாது. முகவரோ, “நாம் விற்காத வண்டி” என்று கைவிரிக்கலாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நிலம் நம்முடையது என்பதையும் நினைவில் கொள்க. யப்பானிலிருந்து பழைய கார்களைப் பெருமளவில் வாங்கும் நியூசிலாந்து, அவற்றுள் மிக ஆபத்தானவற்றை 2018இல் கட்டாயமாகத் திரும்பப் பெற ஆணையிட்டது. ஓர் அரசு நினைத்தால் செய்ய முடிந்த காரியம்தான்.

நாம் எதைத் தேர்வோம் என்று கேட்டால், மறைக்காமல் சொல்கிறோம்: யப்பானிய வண்டியை. விற்பவர் நீட்டும் நகலை நம்பாமல், சாசி எண்ணைக் கொண்டு ஏலத் தாளை நாமே தருவித்த பின்னர். ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீற்றர் ஓட்டி, அருகில் முகவரின் கராஜும் உள்ள முதிய தம்பதியர் என்றால் இந்திய வண்டியைத் தடுக்க மாட்டோம். இரு காற்றுப்பைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல்வோம்.

திரும்ப அழைத்தலைப் பற்றியும் ஒரு சொல். யப்பானிய நிறுவனங்கள் தம் இணையத்தளங்களில் சாசி எண்ணை இட்டுப் பார்க்க வழி வைத்திருக்கின்றன. இறங்கும் ஒவ்வொரு வண்டியின் சாசி எண்ணும் சுங்கத்தின் ஏட்டில் இருக்கிறது; மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் இருக்கிறது. பதிவு எண் கொடுக்கும் முன்னர் அவ்விரண்டையும் ஒப்பிட்டு, திருத்தப்படாத வண்டியை இறக்குமதியாளரின் செலவிலேயே திருத்துவிக்கும்படி நாம் கேட்கலாம்.