சன்ஷேடில் ஏ.சி. வேண்டாம்

மந்தைவெளியில் உள்ள எங்கள் அடுக்ககத்தில் இனி யாரும் சன்ஷேடில் ஏ.சி. அவுட்டோர் வைக்கக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். செயலாளராக அதைக் கொண்டுவந்தவள் நான். "சொந்த வீட்டுச் சுவரில் என்ன மாட்டுவது என்பதிலுமா சங்கம் தலையிடும்?" என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும், மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கம் இதே மாதிரிக் கட்டடங்களில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜன்னலுக்கு மேல் சாரல் தடுக்கப் போட்ட ஒடுக்கமான கான்கிரீட் பலகைதான் சன்ஷேடு. ஆள் நின்று வேலை பார்ப்பதற்காகப் போட்டதல்ல. எங்கள் பகுதியின் பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் அதன் விளிம்பு உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. ஏறக்குறைய முப்பது கிலோ எடையுள்ள பெட்டியோடு ஒருவர் அதன்மேல்தான் இறங்குகிறார். போன கத்திரியில் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தவருக்கு இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். செருப்பைப் பால்கனியில் கழற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெறுங்காலோடு இறங்கினார். வெயிலில் காய்ந்த சிமெண்டில் கால் பொறுக்காமல் மாற்றி மாற்றி ஊன்றினார். இடுப்பில் ஒரு நைலான் கயிறு. அதன் மறுமுனை ஜன்னல் கிரில்லில். பெல்ட் இல்லையாப்பா என்று கேட்டேன். "பெல்ட் போட்டா கை ஓடாதும்மா. இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு" என்றார்.

அந்த நாலு வீடுதான் பிரச்சினை. மாட்டிய ஏ.சி. கணக்கில் கூலி. கத்திரி தொடங்கியதும் ஊரே ஒரே வாரத்தில் ஏ.சி. வாங்குகிறது, இன்று வாங்கினால் இன்றே குளிர வேண்டும். அந்த அவசரத்தில் முதலில் போவது பெல்ட். அடுத்துப் போவது வேக்குவம் பம்ப்.

செம்புக்குழாயை இணைத்த பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் காஸைத் திறக்க வேண்டும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. பல வீடுகளில் வால்வைச் சற்றே திறந்து, காஸை விட்டே காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். தங்கிப்போகும் ஈரம் கம்பிரஸர் எண்ணெயைக் கெடுத்து அமிலமாக்கும். வெளியே போகும் ஆர் 32 காஸோ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது, தீப்பற்றவும் கூடியது. கிகாலி உடன்பாட்டை 2021-ல் இந்தியா ஏற்றதே இப்படிப்பட்ட காஸ்களைக் குறைக்கத்தான். இன்னொன்றும் உண்டு. அவசரத்தில் முடுக்கிய நட்டு கசிந்தால், அடுத்த கோடையில் காஸ் நிரப்ப ஒருவரைக் கூப்பிடுவோம். அவரும் அதே சன்ஷேடில்தான் இறங்க வேண்டும்.

கீழே நடப்பவர்களையும் நினைக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் டில்லி கரோல் பாக்கில், கட்டடத்தின் மேலிருந்து ஏ.சி. அவுட்டோர் விழுந்து, கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த பதினெட்டு வயது இளைஞர் இறந்துபோனார். டில்லியில் கடல் கிடையாது. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் உப்புக் காற்று இரும்பு ஸ்டாண்டை வேகமாகவே அரித்துவிடும். கீழே பள்ளிக்கூட வேன் நிற்கிறது, பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில், முறையாகப் பயிற்சி பெற்றவர்களே ஏ.சி. மாட்ட வேண்டும். புதிய வீடுகளில் அவுட்டோருக்கென்று தனி மேடை கட்டியே தருகிறார்கள். நம் ஊரில் வரைபட அனுமதிக்குப் போகும்போது கார் எங்கே நிற்கும், மழைநீர் எங்கே இறங்கும் என்று காட்டுகிறோம். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஏ.சி. வரப்போவது கட்டுபவருக்கும் தெரியும், அனுமதி தருபவருக்கும் தெரியும். அது எங்கே இருக்கும், அதைத் தொட ஒரு மனிதர் எங்கே நிற்பார் என்பதையும் சி.எம்.டி.ஏ.வும் மாநகராட்சியும் கேட்டாக வேண்டும். 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்கென்றே எழுதப்பட்டது. இரண்டு பேராக பைக்கில் வந்து ஏ.சி. மாட்டுபவர்கள் அந்தக் கணக்கில் வந்ததே இல்லை.

எங்கள் தீர்மானம் எளிமையானது. மேல்மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடியில் இடம். அதற்கு இத்தனை நாள் அனுமதி மறுத்துவந்த விதியை நீக்கிவிட்டோம். நடு மாடிகளுக்குப் பால்கனி. தரைத் தளத்துக்கு, ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில் பக்கச் சந்துச் சுவர். பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் அனல் அடிக்காதபடி பார்த்து. பால்கனியில் துணி காயப்போட இடம் குறையும், உண்மைதான். ஏ.சி.யோடு வழக்கமாக வரும் மூன்று மீட்டர் குழாய் போதாது. கூடுதல் குழாய்க்கு மீட்டர் கணக்கில் காசு ஆகும். நாற்பதாயிரம் கொடுத்து ஏ.சி. வாங்குகிறவர்கள் அதையும் கொடுக்கலாம்.

ஏற்கெனவே சன்ஷேடில் இருப்பவற்றை, அடுத்து கழற்ற நேரும்போது இடம் மாற்ற வேண்டும். அதுவரை சர்வீஸுக்கு வருபவர்களுக்காக ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள முழு உடல் பெல்ட்டும் கயிறும் சங்கச் செலவில் வாங்கி, வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறோம். கயிற்றைக் கட்ட மொட்டை மாடித் தூணில் கொக்கி அடித்தாயிற்று. பெல்ட் போட மறுப்பவரை வேலை செய்ய விடுவதில்லை. நேரமானால் ஆகட்டும், அந்தக் கூடுதல் நேரத்துக்கான கூலியை வீட்டுக்காரர்தான் தர வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.