நொய்யலையும் நேர்மையான சாயத் தொழிலையும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நொய்யல் கரைக் கிராம விவசாயிகள் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருப்பூர் மாவட்டம்.

நகல்:
மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், திருப்பூர்.

பொருள்: சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை ஆற்றின் மீதும் விவசாயிகள் மீதும் சுமத்துவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூரின் பனியன் தொழில் வளர வேண்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கேதான் தையலிலும் செக்கிங்கிலும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் துணிக்குச் சாயம் போடும் கூலியில் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவும் அடங்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பார்க்கும் லாபம் எங்கள் கிணற்றிலிருந்து எடுத்த லாபம்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போடுகிறார்கள். கழிவுநீரின் நிறத்தை நீக்கினாலும் உப்பு நீங்குவதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யலை அந்த உப்புதான் பாசனத்துக்கு ஆகாததாக்கியது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீர்த் தேக்கமாயிற்று. தண்ணீர் வருமென்று காத்திருந்த ஆயக்கட்டுதாரர்களே மதகைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கரையோரக் கிணறுகள் உப்பேறின, தென்னைகள் பட்டுப்போயின.

இந்த மாசு குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் பிறப்பித்த உத்தரவை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகே, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது. அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தாங்கியது. இதைச் சாதித்த பட்டறைகளை மனமாரப் பாராட்டுகிறோம்.

அவர்களுக்காகவும்தான் இந்த மனு. முறையாகச் சுத்திகரிப்பவருக்குச் சவ்வு, மின்சாரம், நீரை ஆவியாக்க எரிபொருள் என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. மழை பெய்யும் இரவில் ஓடையில் திறந்துவிடுபவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அவர் கூலியைக் குறைத்துக் கேட்கிறார், ஆர்டரும் அவருக்கே போகிறது. இப்படியே விட்டால் நேர்மையானவர் நொடித்துப்போவார், ஆறும் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆகவே, மழை நாட்களிலும் இரவிலும் முன்னறிவிப்பில்லாத கூட்டு ஆய்வு நடத்த வேண்டும். ஆய்வுக் குழுவில் கரையோர விவசாயிகளுக்கும் இடம் வேண்டும். அனுமதியின்றி இயங்கும் பட்டறைகளின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆற்றுநீரின் உப்பளவை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் தேங்கும் சாயக்கசடும் கலவை உப்பும் மழையில் கரைந்து ஆற்றில் சேராதபடி அகற்றக் காலக்கெடு விதிக்க வேண்டும்.

துணி வாங்குவோரையும் விட்டுவிடக் கூடாது. ஏற்றுமதியாளர்கள், வெளிநாட்டு நிறுவனங்கள், சாயப்பட்டறை உரிமையாளர்கள் ஆகியோரை அழைத்துப் பேசி, சுத்திகரிப்புச் செலவு தனி இனமாகத் தெரியும்படி ஜாப் ஒர்க் கூலியை நிர்ணயிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். விலையைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, சுற்றுச்சூழல் சான்றிதழ் மட்டும் கேட்பது நியாயமில்லை.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவின்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் கழிவைத் தானே சுத்தம் செய்வது தொழிலின் கடமை. அதைச் சமூகப் பணியாகக் காட்ட இடம் தரக் கூடாது. ஊருக்கு ஒரு குடிநீர் இயந்திரம் வைத்துக்கொடுப்பதும் ஆற்றைக் கெடுத்ததற்கு ஈடாகாது. அந்த நிதியைக் குளங்களைத் தூர்வாரவும், உப்பேறிய நிலத்தைச் சீர்திருத்தவும், கிராம சபை தீர்மானிக்கும் வரிசையில் செலவிடுமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், மழைக்காலம் தொடங்கும் முன் இது குறித்து அனைத்துத் தரப்பினரின் கூட்டம் ஒன்றைக் கூட்டுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.