ஸ்டார்ட்அப் ஊருக்கு மாநாடு போதாது... வாரம் ஒரு காபி வேண்டும்!

மதுரையிலோ திருநெல்வேலியிலோ மாடி வீட்டின் ஓர் அறையில் இருந்து சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்தும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. கையில் இருந்த சேமிப்பைப் போட்டு, நாலு பேரை வைத்து ஒரு புராடக்ட் செய்கிறார். வாடிக்கையாளர் பெங்களூரில், சர்வர் மும்பையில், ஆடிட்டர் வாட்ஸ்அப்பில். இரண்டு தெரு தள்ளி இன்னொருவரும் இதே மாதிரி ஒரு நிறுவனம் நடத்துகிறார் என்பது இவருக்குத் தெரியாது. இருவரும் கடைசியில் சந்திப்பது எங்கே தெரியுமா? வேறு ஊரில் நடக்கும் ஏதோ ஒரு மாநாட்டில், மதியச் சாப்பாட்டு வரிசையில், கையில் தட்டோடு. "அட, நீங்களும் நம்ம ஊரா?"

மாநாடுகளுக்கு இங்கே குறைவில்லை. 2025 அக்டோபரில் கோவை கொடிசியா வளாகத்தில் உலகப் புத்தொழில் மாநாட்டைத் தமிழக அரசே நடத்தியது. 'ஸ்டார்ட்அப் டிஎன்' அமைப்புக்கு மதுரை, ஈரோடு, திருநெல்வேலி என்று வட்டார மையங்கள் இருக்கின்றன. 'டான்சீட்' திட்டத்தில் ஆரம்ப நிதியும் கிடைக்கிறது. இதெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போகும் இடத்தில், "எனக்கு ரெண்டு மாசமா சம்பளம் போட முடியல" என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதைச் சொல்ல வேறு மாதிரி இடம் வேண்டும். வாரம் தவறாமல், ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே கடையில் கூடும் காபி மேஜை அப்படி ஓர் இடம். நம் ஊர் ஸ்டார்ட்அப்களுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது அதுதான் என்பது என் கருத்து.

"ஒரு காபி குடிக்கிறதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்கலாம். திருப்பூரைப் பாருங்கள்.

திருப்பூரில் பனியன் யூனிட் நடத்துபவர் பக்கத்து ஊர்க்காரர்களைச் சந்திக்காமல் ஒரு நாளையும் ஓட்ட முடியாது. நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், பிரின்டிங் ஓர் இடம், தையல் ஓர் இடம். துணி நடந்து போகும் வழியெல்லாம் தகவலும் போகிறது. எந்த பையர் பணத்தை இழுத்தடிக்கிறார், எந்த மெஷின் தொல்லை கொடுக்கிறது, நூல் விலை என்ன ஆகப்போகிறது, எல்லாம் டீக்கடை பெஞ்சில் கிடைக்கும். யாரும் அதற்கு 'நெட்வொர்க்கிங்' என்று பெயர் வைக்கவில்லை. கோவை பம்ப்செட் தொழிலும் சிவகாசி அச்சுத் தொழிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

சாஃப்ட்வேர் தொழிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூலப்பொருள் வாங்க வேண்டாம், பக்கத்து யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுக்க வேண்டாம், வாடிக்கையாளர் உள்ளூரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் யாரையும் தெரிந்துகொள்ளாமலே பத்து வருடம் தொழில் நடத்தலாம். இது வசதிதான். ஆனால் பெஞ்சில் இலவசமாகக் கிடைக்கும் தகவல் இவர்களுக்கு வந்து சேர வழியே இல்லை. மற்ற தொழில்களில் தானாக நடக்கும் சந்திப்பை இங்கே வேண்டுமென்றே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

லண்டனும் கன்சாஸ் சிட்டியும்

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் சால் கிளைன். ஸ்கைப் நிறுவனத்தில் பணியாற்றியவர், பின்னாளில் முதலீட்டாளர். 2007இல் லண்டனில் 'ஓப்பன் காபி கிளப்' என்ற ஒன்றைத் தொடங்கினார். அப்பாயின்ட்மென்ட் இல்லை, கட்டணம் இல்லை, மேடை இல்லை. வாரத்தில் குறிப்பிட்ட நாள் காலையில் ஒரு காபி கடையில் இருப்போம், தொழில் முனைவோரும் முதலீட்டாளர்களும் வரலாம், அவ்வளவுதான் அறிவிப்பு. அதே பெயரில் வேறு பல ஊர்களில் மற்றவர்கள் தாங்களாகவே ஆரம்பித்துக்கொண்டார்கள். (லண்டனுக்கு இது புதிதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபி கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதில் இருந்துதான் இன்றைய 'லாயிட்ஸ்' காப்பீட்டுச் சந்தை வளர்ந்தது.)

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 2012இல் காஃப்மன் அறக்கட்டளை தொடங்கிய 'ஒன் மில்லியன் கப்ஸ்' இன்னும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தப்பட்டது. புதன்கிழமை காலை. உள்ளூர் ஸ்டார்ட்அப்காரர் ஆறு நிமிடம் பேசுவார், கூட்டம் இருபது நிமிடம் கேள்வி கேட்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கேள்வி. இந்த ஊர்க்காரர்களாகிய நாங்கள் உங்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று அவரிடம் கட்டாயம் கேட்பார்கள். பரிசு, மதிப்பெண், நடுவர் எதுவும் கிடையாது. நம் கல்லூரிகளில் நடக்கும் 'பிட்ச்' போட்டிகளை நினைத்துப் பாருங்கள். அங்கே பேசி முடித்தவருக்கு மிஞ்சுவது ஒரு கேடயமும், பொன்னாடையோடு ஒரு போட்டோவும்.

மேஜையில் என்னதான் பேசுவார்கள்?

பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. "கிளவுட் கம்பெனி கொடுத்த கிரெடிட் தீர்ந்துபோச்சு, இந்த மாசம் பில் பார்த்து தலை சுத்துது, நீங்க எப்படிக் குறைச்சீங்க?" இந்த மாதிரிதான் இருக்கும்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிறு நிறுவனங்களைக் கொல்வது பெரும்பாலும் போட்டியாளர் கிடையாது, வராத பணம். வேலையை முடித்துக் கொடுத்து பில் போட்டாயிற்று. வாங்கிய பெரிய நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவோ "அடுத்த சைக்கிள்ல வரும் சார்" என்றே மூன்று மாதம் ஓட்டுகிறது. உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனமாக நீங்கள் இருந்தால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், 45 நாட்களுக்குள் வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாட்கள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதைச் சொல்வது 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். தயாரிப்பு நிறுவனங்களுக்கு மட்டும் இல்லை, சேவை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். அதனால் சாஃப்ட்வேர்காரர்களுக்கும் உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு, உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் வாங்கியவர் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் இருந்து வந்துவிட்டது.

எல்லாம் இணையத்தில் இருக்கும் தகவல்தான். ஆனால் தேட வேண்டும் என்பதே தெரியாதவர் எப்படித் தேடுவார்? "பில்லோட அடியில உத்யம் நம்பரைப் போட்டு, 45 நாள்னு ஒரு வரி சேர்த்துப் பாருங்க. எனக்கு அதுக்கப்புறம் போன் எடுக்க ஆரம்பிச்சாங்க" என்று எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் அது மண்டையில் ஏறும். எந்தச் சூழலில் அது பலிக்கும், எந்த வாடிக்கையாளரிடம் அப்படிக் கேட்டால் அடுத்த ஆர்டரே வராது என்பதையும் அவர் மட்டும்தான் சொல்ல முடியும். சட்டப் புத்தகத்தில் அந்த இரண்டாவது பாதி இருக்காது.

நெருங்கிய நண்பர்களிடம் கேட்டால் போதாதா? மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களை அவர் ஆராய்ந்தபோது, தகவல் சொன்னவர் பெரும்பாலும் நெருங்கிய நண்பராக இல்லை. எப்போதாவது பார்க்கும், மேலோட்டமாகத் தெரிந்த ஒருவராக இருந்தார். காரணம் சுலபம். நண்பருக்குத் தெரிந்தது ஏற்கெனவே உங்களுக்கும் தெரியும். வாரம் ஒருமுறை பார்த்து "எப்படிப் போகுது?" என்று கேட்கும் ஆளிடம்தான் புதுச் செய்தி இருக்கிறது.

"ஐடியாவைத் திருடிட்டா?"

இந்தப் பயம்தான் பலரை மேஜைக்கு வரவிடாமல் செய்கிறது. வாயைத் திறப்பதற்கு முன்பே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1975இல் கலிஃபோர்னியாவில் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்ற பொழுதுபோக்குக் குழு தொடங்கியது. ஸ்டீவ் வோஸ்னியாக் தான் வடிவமைத்த ஒரு கம்ப்யூட்டரின் சர்க்யூட் வரைபடத்தை அங்கே வந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். அந்தக் கம்ப்யூட்டர்தான் ஆப்பிள்-1. வரைபடத்தைக் கையில் வாங்கிய எல்லோரும் ஆப்பிள் நடத்திவிடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. உங்களுடையது காப்புரிமை பெறக்கூடிய கண்டுபிடிப்பு, முக்கியமாகக் கருவி, இயந்திரம் சார்ந்தது என்றால், விண்ணப்பிக்கும் முன் பொது இடத்தில் விளக்கிவிட்டால் உரிமையே போகலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஆன்லைனில் தனிநபருக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப்புக்கும் கட்டணம் 1,600 ரூபாய். முழு விண்ணப்பம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. அதேபோல வாடிக்கையாளரின் தரவு, பாஸ்வேர்டு, சம்பளப் பட்டியல் எல்லாம் மேஜைக்கு வரக் கூடாது. மற்றபடி தாராளமாகப் பேசலாம். உங்கள் ஐடியாவைக் காப்பியடிக்கும் அளவுக்கு அடுத்தவருக்கு நேரம் இல்லை, அவர் பிரச்சினை அவருக்கு.

ஏன் செத்துப்போகின்றன?

இப்படிப்பட்ட சந்திப்புகள் நம் ஊர்களில் தொடங்காமல் இல்லை. ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுகின்றன. முதல் மாதம் முப்பது பேர் வருவார்கள். அதில் தொழில் நடத்துபவர் பத்து பேர், அந்தப் பத்து பேரிடம் எதையாவது விற்க வந்தவர்கள் இருபது பேர். இன்ஷூரன்ஸ், கோ-வொர்க்கிங் இடம், 'உங்க பிராண்டை வைரல் ஆக்கித் தர்றோம்' கோஷ்டி. மூன்றாம் மாதம் அந்தப் பத்து பேர் நின்றுவிடுவார்கள். மிஞ்சியவர்கள் ஒருவருக்கொருவர் விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப் குரூப் மட்டும் 'குட் மார்னிங்' படங்களோடு அமரத்துவம் பெற்றுவிடும்.

கொலராடோ மாநிலத்தின் போல்டர் என்ற சிறு நகரத்தில் ஸ்டார்ட்அப் சமூகம் வளர்ந்த கதையை முதலீட்டாளர் பிராட் ஃபெல்ட் 2012இல் 'ஸ்டார்ட்அப் கம்யூனிட்டீஸ்' என்ற புத்தகமாக எழுதினார். அவருடைய வாதத்தின் மையம் இதுதான்: தலைமை தொழில் முனைவோர் கையில் இருக்க வேண்டும். அரசும், பல்கலைக்கழகமும், முதலீட்டாளர்களும் உதவலாம், நடத்தக் கூடாது. கணக்கு இருபது வருடக் கணக்காக இருக்க வேண்டும். எனக்கு இதில் முழு உடன்பாடு. அரசு நடத்தினால் வருகைப் பதிவேடு வரும், சிறப்பு விருந்தினர் வருவார், குத்துவிளக்கு வரும். முதலீட்டாளர் நடத்தினால் எல்லோரும் "சூப்பரா போகுது சார்" என்பார்கள். உண்மை வெளியே வராது.

நம்மிடமே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2015இல் சென்னையில் 'சாஸ்எக்ஸ்' என்று தொடங்கி, பிறகு 'சாஸ்பூமி'யாக மாறிய கூட்டத்தை நடத்துவது சாஸ் நிறுவனங்களின் நிறுவனர்களேதான். முன்னே போனவர் பின்னால் வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானதற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் அந்த மாதிரி நிறுவனங்கள் நடந்த பாதை மற்றவர்களுக்கும் தெரிய வந்ததில் இப்படிப்பட்ட சந்திப்புகளுக்குப் பங்கு உண்டு. சாஸ்பூமி பெரிய அளவில் செய்வதை ஊருக்கு ஊர், சின்ன அளவில், அடிக்கடி செய்ய வேண்டும் என்பதே நான் கேட்பது.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, நேரம். இரவு எட்டு மணிக்கு ஹோட்டல் பாரில் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள், வரவில்லை என்று குறை மட்டும் சொல்வோம். வேலைநாள் காலையில், குடும்பத்தோடு வந்து சாப்பிடும் சாதாரண உணவகத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு, மொழி. பிட்ச் என்றாலே இங்கிலீஷ் என்று ஆகிவிட்டது. தூத்துக்குடியில் மீனவர்களுக்கு ஆப் செய்பவர், தன் பணக்கஷ்டத்தை இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்றால் சொல்லவே மாட்டார். தமிழில் பேசுங்கள். நடுவில் இங்கிலீஷ் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

தொடங்குவதற்கு ஸ்பான்சர் தேடாதீர்கள், லோகோவும் வேண்டாம். தொழில் நடத்தும் நான்கு பேர் போதும். வியாழன் காலை 9.30 முதல் 11 வரை என்று வைத்துக்கொள்ளலாம், டிபன் கூட்டம் குறைகிற நேரம் என்பதால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். அவரவர் காபிக்கு அவரவர் காசு. வாரம் ஒருவர் தன் நிறுவனத்தில் இப்போது நடக்காத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். விற்க வருபவர் வரலாம், ஆனால் அன்றைக்கு விற்கக் கூடாது. நடத்தும் பொறுப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை மாறட்டும், இல்லாவிட்டால் ஒருவரே சுமந்து களைத்துவிடுவார். தீபாவளி வாரத்தில் இரண்டே பேர் வருவார்கள். அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டு, அடுத்த வியாழன் அதே இடம் என்று குரூப்பில் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.