ராக்கி வராத தங்கவயலின் போராட்டம்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பலர் இப்போது 'நராச்சி எங்கே இருக்கிறது' என்று கேட்கிறார்கள். பிரசாந்த் நீல் இயக்கி, யஷ் நடித்த 'கே.ஜி.எஃப்' படங்கள் 2018-லும் 2022-லும் வந்த பிறகு எழுந்த கேள்வி இது. அந்தப் படங்களில் வரும் நராச்சி என்றொரு சுரங்கம் இங்கே இருந்ததில்லை. ஆனால் 'அது கற்பனை' என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. கொடுங்கோன்மை எப்படி இருக்கும், அதை எதிர்ப்பது எப்படி என்பதைப் பற்றி அந்தப் படங்கள் லட்சக்கணக்கானோர் மனதில் ஒரு சித்திரத்தைப் பதித்திருக்கின்றன. அதை இந்த ஊரின் வரலாற்றோடு வைத்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் படம் சொல்வது என்ன? 1951-ல் கோலார் பகுதியில் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. சூரியவர்தன் என்பவன் அதை வெளியுலகுக்குத் தெரியாமல் மறைத்து, ஆட்களை அடிமைகளாக அடைத்துத் தோண்டவைக்கிறான். அவன் வாரிசு கருடனைக் கதாநாயகன் ராக்கி கொல்கிறான். இரண்டாம் பாகத்தில் ராக்கியே நராச்சியின் அதிபதி. பிரதமர் ரமிகா சென் அவனை ஒழிக்க ராணுவத்தை ஏவுகிறார். சர்வாதிகாரம், அடிமைக் கூட்டம், கிளர்ச்சி என்று, பாசிசத்தை எதிர்க்கும் இருண்ட உலகக் கதைகளின் அம்சங்கள் எல்லாம் இதில் உண்டு.

நடந்த கதை வேறு. மைக்கேல் லாவெல் 1870களில் இங்கே தங்கம் தேட மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கி.மீ.க்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்படும்வரை இங்கே எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். எதுவும் மறைவாக நடக்கவில்லை. லண்டன் பங்குச் சந்தைக்கும் மைசூர் அரண்மனைக் கஜானாவுக்கும் தெரிந்தே, சட்டப்படியே நடந்தது. 'சட்டப்படி' என்ற இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த தமிழர்கள்தான், அவர்களிலும் பெரும்பாலும் தலித் மக்கள்தான், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். அவர்களை அடக்கிவைக்கச் சாட்டை தேவைப்படவில்லை. தட்டி வீடுகளால் ஆன 'லைன்'கள் கம்பெனியின் இடத்தில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். ஷிப்ட் முடிந்து கேஜ் என்னும் தூக்குக் கூண்டில் ஏறி வெளியே வந்தால் உடம்பெல்லாம் சோதனை. 1897-ல் மைசூர் அரசு கொண்டுவந்த சுரங்கச் சட்டம் தங்கத் திருட்டைத் தடுக்கவென்றே எழுதப்பட்டது. சந்தேகத்தின் பாரம் முழுவதும் தொழிலாளியின் தலையில் விழுந்தது. பூமிக்குக் கீழே பாறை வெடித்து ஆட்களைக் கொன்றது. வெடிப்புக்குத் தப்பியவர்களைப் பாறைத் தூசி விடவில்லை. 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது தெரிந்தது.

இதைப் பாசிசம் என்று சொல்ல முடியாது. இது காலனி முதலாளிகளும் ஒரு சமஸ்தானமும் சேர்ந்து நடத்திய ஆட்சி. ஆனால் படம் காட்டாத ஒரு பாடம் இதில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களை அடக்கி ஆளக் கருடன் மாதிரி ஓர் அரக்கன் தேவையில்லை. ஒரு சட்டம், ஒரு பதிவேடு, வாசலில் ஒரு சோதனைக்காரன் இருந்தால் போதும்.

அந்தப் பதிவேட்டை எதிர்த்துத்தான் தங்கவயல் திரண்டு எழுந்தது. 1930-ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்யக் கம்பெனிகள் முனைந்தன. ஒருவரை ஒரு சுரங்கத்தில் நீக்கினால் அவர் வேறெங்கும் வேலைக்குச் சேர முடியாதபடி செய்ய அது போதும். தொழிலாளர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. அப்போது அவர்களுக்கென்று அங்கீகாரம் பெற்ற சங்கம் கிடையாது. மைசூரில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததே 1940களில்தான். வழிநடத்த ஒரு நாயகன் இல்லாமலே, ஆயிரமாயிரம் பேர் ஒரே முடிவில் நின்றார்கள்.

அந்த ஒற்றுமை திடீரென்று முளைத்ததல்ல. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியிருந்தது. அவர் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பகலில் பாறையை உடைத்தவர்கள் இரவில் கூடிப் படித்தார்கள், விவாதித்தார்கள். 1940களில் கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் வந்தபோது, கேட்டுப் புரிந்துகொள்ளவும் கேள்வி கேட்கவும் தெரிந்த ஒரு கூட்டம் தயாராக இருந்தது. 1946-ல் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4-ம் தேதி, போலீஸ் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இப்போது மறுபடி படத்துக்கு வருவோம். பாசிச அரசுக்கு எதிரான கிளர்ச்சிக் கதை என்று எந்தப் படத்தைச் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொடுங்கோலன் விழுந்த பிறகு முடிவெடுப்பது யார்? நராச்சியில் கருடன் விழுந்ததும் முடிவெடுப்பவன் ராக்கி. மக்களுக்கு வீடு கிடைக்கிறது, உணவு கிடைக்கிறது, பயம் போகிறது. ஆனால் மேலும் சுரங்கங்களைத் திறக்கச் சொல்லி உத்தரவிடுபவன் அவன்தான், தங்கமும் அவனுடையதுதான். மக்கள் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், வாழ்த்திக்கொண்டே இருக்கிறார்கள். சட்டத்துக்கு மேலே நிற்கும் ஒரே தலைவன், அவனில் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கூட்டம் — பாசிசத்தின் இலக்கணமே இதுதான். அரசை எதிர்த்தாலே அது பாசிச எதிர்ப்பு ஆகிவிடாது.

வரலாற்றில் பாசிஸ்டுகள் முதலில் யாரைக் கண்டு அஞ்சினார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முசோலினி 1926-ல் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்கினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்களிலேயே, 1933 மே 2-ம் தேதி, தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினார். ஒரு வீரனை இன்னொரு வீரனைக் கொண்டு வீழ்த்திவிடலாம். கூடிப் பேசி, சேர்ந்து வேலையை நிறுத்தத் தெரிந்த மக்களைத்தான் சர்வாதிகாரத்தால் சகிக்க முடிவதில்லை.

பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024-ல் வந்தபோது, தோண்டிய மக்கள் யார் என்பதையாவது திரை பேசியது. 1930-ன் கதை இன்னும் திரைக்கு வரவில்லை. சினிமா வரலாற்றுப் பாடம் நடத்த வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, தேவையும் இல்லை. ஆனால் ஊர் தன் கதையைத் தானே சொல்லாவிட்டால், பிறர் சொன்னதே வரலாறாகிவிடும். சுரங்கம் மூடி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. விடிகாலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரு வேலைக்கு ஓடும் தலைமுறைக்குத் தன் கொள்ளுத்தாத்தா கைரேகை வைக்க மறுத்தவர் என்பது தெரிய வேண்டும்.

அதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். வேலைநிறுத்தங்களைக் கண்ட குடும்பங்களின் நினைவுகளைப் பதிவு செய்யலாம். 'தமிழன்' இதழ்களை ஊர் நூலகத்தில் படிக்கக் கிடைக்கச் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நவம்பர் 4 என்ன நாள் என்று சொல்லிக்கொடுக்கலாம். நராச்சி எங்கே என்று கேட்டு வருபவர்களை சாம்பியன் ரீஃபுக்கு அழைத்துப்போய், இங்கே தங்களைக் காக்க யாராவது வரட்டும் என்று மக்கள் காத்திருக்கவில்லை, தாங்களே சேர்ந்து நின்றார்கள் என்று சொல்லலாம்.